சனிக்கிழமைக்குள் வந்துவிடும்: டெலிவரி தேதிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

ஆன்லைனில் ஒரு பொருளை வாங்கும்போது, பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தேதி காட்டுவார்கள். ‘சனிக்கிழமைக்குள் உங்கள் கையில்’ என்று பச்சை நிறத்தில், கொட்டை எழுத்தில் இருக்கும். பணம் கட்டியாகிவிட்டது, சனிக்கிழமையும் போய்விட்டது, கஸ்டமர் கேருக்குப் போன் போடுகிறோம். அதே தேதிக்கு இப்போது வேறு பெயர். “சார், அது எஸ்டிமேட்டட் டேட் தான் சார்.”

வாங்குகிற வரைக்கும் அது வாக்குறுதி. வாங்கிய பிறகு அது உத்தேசம். ஆன்லைன் ஷாப்பிங்கில் நமக்கு வருகிற எரிச்சலில் பாதி இந்த ஒரு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு நாள் தாமதத்தை யாரும் பொறுத்துக்கொள்வார்கள். ‘நாங்கள் எப்போது சார் அப்படிச் சொன்னோம்?’ என்ற தொனியைத்தான் பொறுக்க முடிவதில்லை.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால், கோபம் அடங்கிய பிறகு எனக்கு ஒரு கேள்வி மிஞ்சும். அந்தத் தேதியை எந்தக் கணக்கு சொன்னது? ஸ்டேட்டஸை யார் மாற்றினார்கள்? போனில் பேசியவருக்கு உண்மையில் என்ன தெரியும்? கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்துச் சேர்த்த குறிப்புகள்தான் இவை.

தேதி எங்கிருந்து வருகிறது?

அந்தத் தேதியை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. இந்தக் கோடவுனிலிருந்து இந்தப் பின்கோடுக்கு இதற்கு முன்னால் போன பார்சல்கள் எத்தனை நாள் எடுத்துக்கொண்டன என்ற பழைய விவரம் கம்பெனியிடம் குவிந்து கிடக்கும். அதிலிருந்து மென்பொருள் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கும். விஷயமே அந்தத் ‘தேர்ந்தெடுக்கும்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மும்பைக்குப் பக்கத்தில் பிவண்டியில் நிறைய கோடவுன்கள் உண்டு. அங்கிருந்து திருநெல்வேலிக்கு இதற்கு முன் 100 பார்சல்கள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 50 பார்சல்கள் 4 நாளுக்குள் வந்துவிட்டன. 5 நாளுக்குள் 80 வந்துவிட்டன. 7 நாளுக்குள் 95. மிச்சம் 5 பார்சல்கள் 12 நாள் வரை இழுத்தடித்தன. இப்போது 101-வது ஆள் வருகிறார். அவரிடம் எத்தனை நாள் என்று சொல்வது?

‘4 நாள்’ என்று சொன்னால் பாதிப் பேரிடம் அந்த வார்த்தை பொய்த்துப்போகும். ‘7 நாள்’ என்று சொன்னால் 100-ல் 95 பேருக்கு உண்மை. ஆனால் பக்கத்து ஆப்பில் 4 நாள் என்று போட்டிருந்தால், வாங்க வந்தவர் அங்கே போய்விடுவார். ‘12 நாள்’ என்று சொன்னால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கே போய்விடுவார்.

ஆக, அந்த எண்ணை லாரியின் வேகம் மட்டும் முடிவு செய்வதில்லை. விற்பனை கூடவேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. 80 பேருக்குச் சரியாக வரும் தேதியைக் காட்டினால், மீதி 20 பேருக்குத் தாமதமாகும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். அந்த 20 பேரின் பெயர்தான் தெரியாது.

இதில் தவறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. எதிர்காலத்தைப் பற்றிச் சொல்லும் எந்தக் கணக்கும் இப்படித்தான் இருக்கும். ஆனால் 100-ல் 80 வாய்ப்புள்ள ஒன்றை, ‘சனிக்கிழமை’ என்று ஒற்றைத் தேதியாகச் சுருக்கிக் காட்டுகிறார்களே, அங்கேதான் விளையாட்டு நடக்கிறது. ‘வெள்ளி முதல் செவ்வாய்க்குள்’ என்று சொல்லியிருந்தால் அது நேர்மையான உத்தேசம். ஒற்றைத் தேதியைச் சொல்லி விற்றுவிட்டு, அப்புறம் அதை உத்தேசம் என்பது இரண்டு பக்கமும் லாபம் பார்க்கிற வேலை.

பத்து நிமிடம் எப்படி ஒரு நாள் ஆகிறது?

ஒரு பார்சல் நம் வீட்டுக்கு வர, பல கை மாற வேண்டும். விற்பவர் பேக் செய்யவேண்டும். கூரியர் ஆள் வந்து எடுக்கவேண்டும். அந்த ஊர் ஹப்பில் பிரிக்கவேண்டும். நெடுந்தூர லாரியில் ஏற்றவேண்டும். நம் பக்கத்து ஹப்பில் இறக்கி மறுபடி பிரிக்கவேண்டும். கடைசியாக நம் ஏரியா பையன் பையில் போட்டுக்கொண்டு வரவேண்டும். குறைத்துச் சொன்னாலும் ஆறு கட்டம்.

ஒவ்வொரு கட்டமும் 100-க்கு 95 முறை நேரத்தில் நடக்கிறது என்று வைப்போம். 95 மார்க் என்றால் நல்ல மார்க்தானே? ஆனால் ஆறு கட்டமும் ஒருசேர நேரத்தில் நடக்க 0.95-ஐ ஆறு முறை பெருக்கவேண்டும். விடை 0.735. அதாவது 100-ல் 26 பார்சல்கள் ஏதோ ஒரு இடத்தில் தடுக்கி விழும். ஆறு பேரும் ‘என் வேலையை நான் 95 சதவீதம் ஒழுங்காகச் செய்கிறேன்’ என்று உண்மையாகவே சொல்லலாம். அப்படியும் நாலில் ஒருவருக்குத் தாமதம். இதே கட்டங்கள் 99 சதவீதம் ஒழுங்காக நடந்தால் 94 பேருக்கு நேரத்தில் வந்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் 4 சதவீத ஒழுங்கு கூடினால், முடிவில் 20 பேருக்கு எரிச்சல் மிச்சம்.

தடுக்கி விழுந்த பார்சல், இழந்த நேரத்தை மட்டும் இழப்பதில்லை. நெடுந்தூர லாரி இரவு 9 மணிக்குக் கிளம்புகிறது என்றால், 9.10-க்கு ஹப்புக்கு வந்த பார்சல் 10 நிமிடம் தாமதம் ஆவதில்லை, அடுத்த நாள் இரவு 9 மணி வரை தாமதம் ஆகிறது. கிராமத்துக்கு ஒரே ஒரு பஸ் இருக்கும் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பஸ்ஸை ஒரு நிமிடத்தில் விட்டாலும் ஒன்றுதான், ஒரு மணி நேரத்தில் விட்டாலும் ஒன்றுதான்.

டிராக்கிங் பக்கத்தில் மூன்று நாளாக ‘வந்துகொண்டிருக்கிறது’ என்றே காட்டும், பார்த்திருப்பீர்கள். காரணம் எளிமையானது. ஒரே ஊருக்குப் போகும் பார்சல்களை ஒரு பெரிய மூட்டையில் கட்டி, அந்த மூட்டைக்கு ஒரு பார்கோடு ஒட்டுவார்கள். அதன் பிறகு வழியில் ஸ்கேன் ஆவது மூட்டை. உள்ளே இருக்கும் நம் பார்சல், மூட்டை எங்கே இருக்கிறதோ அங்கே இருப்பதாக மென்பொருள் நம்பிக்கொள்கிறது. மூட்டை பிரியும் வரை நம் பார்சலை யாரும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். வேறு மூட்டைக்குள் தவறி விழுந்திருந்தால், அது தெரிய வருவதும் அப்போதுதான்.

கடைசி இரண்டு கிலோமீட்டர்

பிவண்டியிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வந்த பார்சல், கடைசி இரண்டு கிலோமீட்டரில் மாட்டிக்கொள்வது நம் ஊரில் சகஜம். காரணம் முகவரி.

ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் நடைமுறைக்கு வந்தது. வெவ்வேறு மாநிலங்களில் ஒரே பெயருள்ள ஊர்கள், பல மொழிகளில் எழுதப்பட்ட முகவரிகள், இவற்றைப் பிரிப்பதற்காக வந்த ஏற்பாடு. அது ஒரு தபால் நிலையம் வரைக்கும்தான் வழிகாட்டும். அதற்குப் பிறகு வீடு வரைக்கும் வழிகாட்டியது தபால்காரரின் ஞாபகம். இருபது வருஷம் ஒரே தெருவில் நடந்த மனிதருக்கு ‘மேலத் தெரு, பிள்ளையார் கோயில் எதிரில்’ என்பதே முழு முகவரி. கூரியர் கம்பெனி பையன் போன மாதம் சேர்ந்திருப்பார். அவருக்கு எந்தப் பிள்ளையார் என்று தெரியாது. அதனால்தான் அவர்கள் போன் செய்து, “அண்ணா, எங்க வரணும்?” என்கிறார்கள்.

2025-ல் அஞ்சல் துறை டிஜிபின் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. நாட்டை ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்துக் குறியீடு. நல்ல யோசனைதான். கூரியர்காரர்களும் ஆப்களும் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவருகிற வரைக்கும் பிள்ளையார்தான் துணை.

‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’

தாமதத்துக்கு இதுவரை சொன்னவை எல்லாம் இயற்கையான காரணங்கள். இனி வருவது வேறு ரகம்.

அம்மா ஊரில் தனியாக இருக்கிறார், சர்க்கரை உண்டு. ரத்தப் பரிசோதனைக் கருவிக்கான ஸ்ட்ரிப்பை நான் இங்கிருந்து ஆர்டர் போட்டு அனுப்புவது வழக்கம். ஒரு முறை, கையிருப்பு தீர ஐந்து நாள் இருக்கும்போதே போட்டேன், மூன்றாம் நாள் வரும் என்று காட்டியது. மூன்றாம் நாள் மாலை, ‘டெலிவரிக்கு முயன்றோம், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று எனக்கு எஸ்.எம்.எஸ். அம்மாவுக்குப் போன் செய்தேன். “நான் காலைல இருந்து வாசல்லயேதானடா உக்காந்திருக்கேன். ஒரு பயலும் வரலையே” என்றார். அடுத்த நாளும் அதே எஸ்.எம்.எஸ். ஐந்து நாளில் ஏழு முறை கஸ்டமர் கேரில் பேசினேன். ஏழு பேர், ஏழு முறை மன்னிப்பு, ஏழு முறை ‘24 மணி நேரத்தில் கண்டிப்பாக’. ஆறாம் நாள் ஆர்டர் தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பியது. இடையில் அம்மா ஒரு நாள் சர்க்கரை பார்க்காமலே இன்சுலின் போட வேண்டியதாயிற்று.

பணம் திரும்பிவிட்டதே, அப்புறம் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். முதல் நாளே ‘இன்றைக்கு வர முடியாது, எப்போது என்றும் சொல்ல முடியாது’ என்று உண்மையைச் சொல்லியிருந்தால், பக்கத்துத் தெரு மெடிக்கல் ஷாப்பில் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கித் தரச் சொல்லியிருப்பேன். ‘நாளைக்கு வந்துவிடும்’ என்ற பொய்தான் என் கையைக் கட்டிப்போட்டது. தாமதம் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். பொய்த் தகவல் நமக்கு இருக்கும் மாற்று வழியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

அந்தப் பொய்யை ஏன் சொல்கிறார்கள்? டெலிவரி பையனின் போனில், கொடுக்க முடியாத பார்சலுக்குக் காரணம் கேட்டு ஒரு பட்டியல் வரும். ‘வீட்டில் இல்லை’, ‘முகவரி தவறு’, ‘வாங்க மறுத்தார்’, ‘வேறு நாள் வரச் சொன்னார்’ என்ற மாதிரி. ‘இன்றைக்குப் பையில் அளவுக்கு மீறிப் போட்டுவிட்டீர்கள், எனக்கு நேரம் போதவில்லை’ என்ற காரணத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. கொடுத்த பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், பெட்ரோலும் தன் கைக்காசில் போடுகிறவர், ஊர்க் கோடியில் இருக்கும் ஒற்றை வீட்டுக்காக அரை மணி நேரம் செலவழிப்பாரா, அதே நேரத்தில் அபார்ட்மெண்டில் பத்துப் பார்சல் கொடுப்பாரா? மாலையில் மிஞ்சியதற்கு ஏதாவது ஒரு காரணத்தை அழுத்தியாக வேண்டும். ‘கூரியர் தாமதம்’ என்றால் கிளைக்குக் கெட்ட பெயர். ‘வாடிக்கையாளர் இல்லை’ என்றால் யாருக்கும் கெட்ட பெயர் இல்லை, வாடிக்கையாளரைத் தவிர.

பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் சொன்ன கருத்து ஒன்று அவர் பெயராலேயே விதியாக வழங்குகிறது. ஒரு அளவுகோலையே இலக்காக ஆக்கிவிட்டால், அது நல்ல அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடும் என்பது அதன் சாரம். கிளையின் தாமத சதவீதத்தைக் குறை என்று மேலிடம் நெருக்கினால், தாமதம் குறைகிறதோ இல்லையோ, தாமதம் என்று பதிவாவது குறைந்துவிடும். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பட்டியலை வடிவமைத்தவர் என்னைப் போல ஏதோ ஒரு ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் மென்பொருள்காரர்தான்.

உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்

அடுத்து கஸ்டமர் கேர். ஏன் இவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே கணக்கு போட்டு விடை சொன்னவர் ஏ.கே. எர்லாங். டென்மார்க்கில், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனை அழைப்புக்கு எத்தனை இணைப்பு வேண்டும் என்பதை ஆராய்ந்து 1909-லும் 1917-லும் கட்டுரைகள் எழுதினார். வரிசைக் கோட்பாடு என்ற துறையே அங்கிருந்து தொடங்குகிறது.

அதில் மிக எளிமையான ஒரு கணக்கை மட்டும் பார்ப்போம். பேச ஒரே ஒரு பணியாளர். ஒவ்வொரு அழைப்பும் சராசரியாக 6 நிமிடம். அழைப்புகள் முன்னறிவிப்பு இல்லாமல் வருகின்றன, பேசும் நேரமும் கூடக்குறைய இருக்கிறது. அவருடைய நேரத்தில் 50 சதவீதம் வேலை இருந்தால், நாம் காத்திருக்க வேண்டியது சராசரியாக 6 நிமிடம். 80 சதவீதம் என்றால் 24 நிமிடம். 90 சதவீதம் என்றால் 54 நிமிடம். 95 சதவீதம் என்றால் 114 நிமிடம். அதாவது வேலை 90-லிருந்து 95 ஆகும்போது, காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

பணியாளர்கள் நிறையப் பேர் இருந்தால் நிமிடங்கள் வெகுவாகக் குறையும். ஆனால் கடைசிக் கட்டத்தில் விறுவிறுவென ஏறும் அந்தக் குணம் மாறாது. ஒருவரையும் சும்மா உட்காரவிடாமல் வைத்திருப்பதுதான் சிக்கனம் என்று நினைக்கும் நிர்வாகம், அந்தச் சிக்கனத்தை நம் நேரத்தில் கழித்துக்கொள்கிறது. தீபாவளி சேல் வந்து ஆர்டர்கள் கூடினால், தாமதங்களும் கூடும், அழைப்புகளும் கூடும், பதில் கிடைக்காதவர்கள் மறுபடி மறுபடி அழைப்பார்கள். வரிசை தன்னைத் தானே நீட்டிக்கொள்ளும்.

சரி, காத்திருந்து ஆளைப் பிடித்தாயிற்று. அவருக்கு என்ன தெரியும்? பெரும்பாலும் நாம் பார்க்கும் அதே டிராக்கிங் பக்கம்தான் அவர் திரையிலும் இருக்கும். ஹப்பில் இருப்பவரை அவர் போனில் கூப்பிட முடியாது, லாரி எங்கே என்று தெரியாது. அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அதிகாரம் மன்னிப்புக் கேட்பது, புகாரை மேலே தள்ளிவிடுவது, சின்னதாக ஒரு கூப்பன் கொடுப்பது. ஒரு அழைப்பைச் சராசரியாக எத்தனை நிமிடத்தில் முடிக்கிறார் என்று அவரையும் ஒரு மென்பொருள் அளந்துகொண்டிருக்கிறது. இந்த நிலைமையில் ‘24 மணி நேரத்தில் வந்துவிடும் சார்’ என்பதைப் போல வசதியான வாக்கியம் வேறு இல்லை. அழைப்பு முடியும். 24 மணி நேரம் கழித்து நாம் கூப்பிடும்போது எடுப்பவர் வேறு ஆள்.

டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-ல் காத்திருப்பின் உளவியல் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பெயர் பெற்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லாத காத்திருப்பு, சொன்னதைவிட நீளமாகத் தோன்றும். நியாயமற்ற காத்திருப்பும் அப்படியே. நம் பார்சல் விஷயத்தில் மூன்றும் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது பார்சல் வரவில்லை என்று யாரும் சண்டைக்குப் போயிருக்க மாட்டார்கள், காரணம் வாசலிலேயே முழங்கால் அளவுக்கு நின்றது. மனிதர்கள் தாமதத்தைப் பொறுப்பார்கள், அதற்குக் காரணம் தெரிந்தால்.

அப்படியென்றால் யார்தான் பொறுப்பு?

நமக்கு முந்தைய தலைமுறைக்கு வி.பி.பி. தெரியும். இந்தியாவில் 1877-ல் வந்த ஏற்பாடு அது. விற்பவர் பொருளைத் தபாலில் சேர்ப்பார். தபால்காரர் வீட்டு வாசலில் பணத்தை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுப்பார். பணம் மணியார்டராக விற்பவருக்குப் போகும். எத்தனையோ சிற்றூர்களுக்குப் புத்தகங்கள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. பொருளையும் பணத்தையும் சுமந்தது ஒரே நிறுவனம். ஏதாவது தகராறு என்றால் போய் நிற்க ஊரில் ஒரு கட்டடம் இருந்தது. 2010-ல் ஃபிளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்தபோது இந்தப் பழைய ஏற்பாடுதான் புதுச்சட்டை போட்டு வந்தது.

இப்போது நாம் வாங்குவது ஒரு ஆப்பில். விற்பவர் வேறு ஒரு கம்பெனி. கொண்டுவருபவர் பல நேரம் மூன்றாவது கம்பெனி. இது தற்செயலாக அமைந்ததல்ல. வெளிநாட்டு முதலீடு உள்ள தளங்கள் சொந்தமாகச் சரக்கு வைத்து விற்கக் கூடாது, சந்தையாக மட்டும் இருக்கலாம் என்பது இந்திய விதி. 2016 மார்ச்சில் வந்த மத்திய அரசின் பிரஸ் நோட் 3, பொருளைக் கொண்டு சேர்ப்பதும் வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்துவதும் விற்பனையாளரின் பொறுப்பு என்று சொல்கிறது. சின்னக் கடைக்காரர்களைக் காப்பாற்ற வந்த விதி அது. நடைமுறையில், தளம் விற்பனையாளரைக் கைகாட்டவும், விற்பனையாளர் கூரியரைக் கைகாட்டவும், கூரியர் ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று நம்மையே கைகாட்டவும் அது வசதியாகிவிட்டது.

விதி என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ஆன்லைனில் வாங்குபவரையும் நுகர்வோர் என்று வெளிப்படையாகவே சேர்த்துக்கொண்டது. அதன் கீழ் 2020 ஜூலையில் மின்வணிக விதிகள் வந்தன. அவற்றில் நமக்கு உதவக்கூடியவை சில:

- சொன்ன டெலிவரி அட்டவணையைத் தாண்டிப் பொருள் வந்தால், அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. சொந்தச் சரக்கை விற்கும் தளங்களுக்கும் இதேதான். மனித சக்திக்கு மீறிய காரணம் இருந்தால் மட்டும் விலக்கு.

- ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர் அதிகாரியை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

- சந்தைத் தளங்கள் ஒவ்வொரு புகாருக்கும் ஒரு டிக்கெட் எண் தர வேண்டும். அதை வைத்துப் புகாரின் நிலையை நாம் பார்க்க முடிய வேண்டும்.

- தாங்களே ஆர்டரை ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தாங்களும் ஏற்கவில்லை என்றால், நாம் ரத்து செய்வதற்கு நம்மிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

முதல் விதியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ‘சொன்ன டெலிவரி அட்டவணை’ என்று இருக்கிறது. நம்மை வாங்க வைப்பதற்காகத் திரையில் காட்டிய தேதி ‘சொன்னது’ இல்லையென்றால் வேறு எதுதான் சொன்னது? ‘எஸ்டிமேட்டட் டேட் தான் சார்’ என்பவரிடம் நாம் வைக்கவேண்டிய வாதம் இதுதான்.

நாம் என்ன செய்யலாம்?

அவசியமான பொருள் என்றால், பணம் கட்டும் முன் அந்தத் தேதி தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் தேதி மாறும்போது பழையது அந்தப் பக்கத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. விற்பனையாளரின் பெயரும் முகவரியும் பில்லில் இருக்கும், அதையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

பொய்யாக ‘வீட்டில் இல்லை’ என்று வந்தால் அன்றைக்கே எழுத்தில் மறுத்துவிடுங்கள். ‘இந்தத் தேதியில் வீட்டில் ஆள் இருந்தது, எந்த அழைப்பும் வரவில்லை’ என்று இரண்டு வரி சாட்டில் போட்டால் போதும். போனில் பேசியது காற்றோடு போய்விடும். எழுதியது நிற்கும்.

இரண்டு முறை பேசியும் நகரவில்லை என்றால் மூன்றாவது முறை பேசாதீர்கள். குறைதீர் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தளத்தின் அடிப்பகுதியில், பொடி எழுத்தில், ஏதோ ஒரு இணைப்புக்குள் அவர் முகவரி ஒளிந்திருக்கும். ஆர்டர் எண், சொன்ன தேதி, நடந்தது, டிக்கெட் எண், நீங்கள் கேட்பது என்ன, இவ்வளவுதான். திட்டு வேண்டாம். போனில் நாம் நிற்பது நிமிடக் கணக்குப் பார்க்கும் வரிசையில். இந்த மின்னஞ்சல் போய் நிற்பது சட்டம் கெடு வைத்திருக்கும் வரிசையில்.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். கடைசிப் படி நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் குருகிராமில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இணையம் வழியாகவே மனுப் போட இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது.

முன்னூறு ரூபாய்ப் பொருளுக்காக யார் ஆணையம் வரைக்கும் போவார்கள்? பெரும்பாலும் யாரும் போகமாட்டோம். அது கம்பெனிகளுக்கும் தெரியும், அவர்கள் கணக்கில் அதுவும் ஒரு எண். நூறு பேரில் இருபது பேருக்குத் தாமதமாகும், அந்த இருபதில் பத்துப் பேர் போன் செய்வார்கள், ஒருவர்கூட எழுத்தில் புகார் தரமாட்டார் என்று இருக்கும் வரை, 5 நாள் என்று காட்டுவதுதான் லாபம். அந்த இருபதில் ஐந்து பேர் எழுத ஆரம்பித்தால், 7 நாள் என்று உண்மையைச் சொல்வது லாபமாகிவிடும். மென்பொருளில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு எண்தான். அதை மாற்ற வைக்கும் செலவை அவர்கள் பக்கம் தள்ளுவது நம் கையில் இருக்கிறது.

எனக்குப் பார்சல் பறந்து வரவேண்டும் என்ற ஆசை இல்லை. ஏழு நாள் ஆகும் என்றால் ஏழு என்று சொல்லட்டும். வரமுடியவில்லை என்றால் வரமுடியவில்லை என்று அன்றைக்கே சொல்லட்டும். மெடிக்கல் ஷாப் ராத்திரி பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும்.